ஆட்டம் ஐந்து மணிக்கு, இன்சுலின் கணக்கு நான்கேகாலுக்கே

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது, எடை 32 கிலோ. ஒன்றரை வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின், இரவு ஒன்பது மணிக்கு கிளார்ஜின் (மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) 11 யூனிட். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 26 யூனிட் வரும். 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் மாலை 5 முதல் 6.30 வரை பயிற்சி. நான்கேகாலுக்குச் சிற்றுண்டி, அதற்கு 2 யூனிட். பயிற்சி நாட்களில் ஐந்தேமுக்கால் வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, உட்கார்ந்துவிடுகிறாள். ஆனால் போன வாரம் ஒரு போட்டி முடிந்ததும் பார்த்தால் சர்க்கரை 290. பயந்துபோய் இரண்டரை யூனிட் போட்டேன். அன்று ராத்திரி மூன்று மணிக்கு 52. ஒரே விளையாட்டு ஒருநாள் இறக்குகிறது, ஒருநாள் ஏற்றுகிறது. “ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும்” என்கிறார் உடற்பயிற்சி ஆசிரியர். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான். மாற வேண்டியது இன்சுலின் அளவும் நேரமும். நீங்கள் நேரத்தைத் துல்லியமாக எழுதியிருப்பது பெரிய உதவி. ஐந்தேமுக்கால் மணி, போட்டி முடிந்த நேரம், ராத்திரி மூன்று மணி: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு.

முதலில் ஐந்தேமுக்கால். சர்க்கரை நோய் இல்லாத பிள்ளை ஓட ஆரம்பித்ததும் கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை வெளியே விடும். அதனால் அளவு பெரிதாக அசையாது. உங்கள் மகளுக்கு நான்கேகாலுக்குப் போட்ட 2 யூனிட் தோலுக்கடியில் இறங்கிவிட்டது. அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. விரைவு இன்சுலின் போட்ட 10–20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். நான்கேகாலோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், ஐந்தேமுக்கால் வரும். அந்த நேரத்தில் இன்சுலின் ஒரு பக்கம் குளுக்கோஸை இழுக்கிறது. சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவியே இல்லாமல் தன் பங்கை இழுக்கிறது. கல்லீரலோ, இரத்தத்தில் இன்சுலின் நிறைய இருப்பதால் கையை மூடிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுசேரும்போது நடுக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஊசி எங்கே போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. தொடையில் என்றால், பயிற்சி நாட்களில் மட்டுமாவது வயிற்றுக்கு மாற்றுங்கள். ஓடும் காலில் இரத்த ஓட்டம் கூடும். இன்சுலின் சீக்கிரம் உறிஞ்சப்படும். ஒல்லியான பிள்ளைகளுக்கு நீளமான ஊசி தசைக்குள்ளேயே போய்விடும், அப்போது இன்னும் வேகம். 4 மி.மீ. ஊசி போதும்.

இறக்கத்தைத் தடுக்க இரண்டு வழி: இன்சுலினைக் குறைப்பது, அல்லது மாவுச்சத்தைக் கூட்டுவது. பயிற்சி எப்போது என்று முன்கூட்டியே தெரிந்தால் குறைப்பதே நல்லது. இல்லையென்றால் வாரம் மூன்று நாள், பசிக்காமலேயே இனிப்பைத் திணிக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கும் அது சலித்துவிடும். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விளையாட்டு என்றால், அந்தச் சாப்பாட்டுக்கான விரைவு இன்சுலினை, ஆட்டம் இலேசாக இருந்தால் கால் பங்கும், நடுத்தரமாக இருந்தால் பாதியும், நீண்ட நேரம் கடுமையாக ஓடுவதாக இருந்தால் முக்கால் பங்கும் குறைக்கலாம். கால்பந்துப் பயிற்சியில் ஒன்றரை மணி நேரமும் யாரும் ஓடுவதில்லை. வரிசையில் நிற்பது, ஆசிரியர் பேசுவதைக் கேட்பது எல்லாம் உண்டு. எனவே பாதியில் தொடங்குங்கள்: 30 கிராம் சிற்றுண்டிக்கு 2 யூனிட்டுக்குப் பதில் 1 யூனிட். முதல் மூன்று பயிற்சி நாட்களின் அளவைப் பார்த்துவிட்டு அரை யூனிட் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அதற்கு அரை யூனிட் வீதம் போடக்கூடிய பேனா வேண்டும். உங்களிடம் உள்ளது முழு யூனிட் பேனா என்றால் அடுத்த முறை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த எடையில் அரை யூனிட் பெரிய வித்தியாசம்.

“குறைப்பதற்குப் பதில் போடாமலே விட்டுவிட்டால் என்ன?” என்று தோன்றும். கூடாது. சாப்பிட்டுவிட்டு இன்சுலினே இல்லாமல் ஓடினால் அளவு வேகமாக ஏறும். உடலில் இன்சுலின் போதாமல் போனால், கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலமும் சேரும். இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் உங்கள் மகளின் எடைக்கும் மொத்த அளவுக்கும் போட்ட தொடக்கக் கணக்கு. மருத்துவரிடமோ நீரிழிவுச் செவிலியரிடமோ ஒருமுறை காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது, மைதானத்தில் இறங்கும் முன் பார்க்கும் அளவு. நான்கு ஐம்பதுக்குப் பாருங்கள். பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். சிற்றுண்டியின் இனிப்பு விரல் நுனியில் ஒட்டியிருந்தால் உண்மையில் 80 இருப்பவளுக்கு மீட்டர் 200க்கு மேல் காட்டும். அதை நம்பி இறங்கினால் பத்து நிமிடத்தில் விழுவாள். தண்ணீர் இல்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம்.

126 முதல் 180 வரை இருந்தால் இறங்கலாம், அதுதான் விரும்பத்தக்க அளவு. 90 முதல் 125 வரை இருந்தால் 10 கிராம் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு இறங்கலாம். 90க்குக் கீழே என்றால் அதே 10 கிராம் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்த்து, 90ஐத் தாண்டிய பிறகுதான். 181 முதல் 270 வரை இருந்தாலும் விளையாடலாம். சாப்பிட்ட அரை மணியில் பார்க்கிறோம், இன்சுலினும் பாதிதான் போட்டிருக்கிறோம் என்பதால் 200ஐக் கண்டு பதற வேண்டியதில்லை. கூடுதல் டோஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். 270க்கு மேல் போய், அதற்குச் சாப்பாடு காரணமாகத் தெரியவில்லை என்றால் கீட்டோன் பாருங்கள். இரத்தக் கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் தடையில்லை. 0.6 முதல் 1.4 வரை இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு விளையாட்டு: காலையில் ஊசி விட்டுப்போனதா, காய்ச்சலா, வெயிலில் கிடந்து கெட்டுப்போன இன்சுலினா என்று பாருங்கள். 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று விளையாட்டே கிடையாது, மருத்துவரை அழையுங்கள். கீட்டோன் இருக்கும்போது ஓடினால் சர்க்கரை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓட ஓட இரண்டும் ஏறத்தான் செய்யும்.

முந்தைய 24 மணி நேரத்தில் மயங்கி விழும் அளவுக்கோ வலிப்பு வரும் அளவுக்கோ தாழ்சர்க்கரை வந்திருந்தாலும் அன்று ஓய்வுதான். ஒருமுறை கடுமையாக இறங்கிய உடல், அடுத்த முறை எச்சரிக்கும் நடுக்கத்தையும் வியர்வையையும் மந்தமாகவே காட்டும்.

ஆட்டத்தின் நடுவே என்ன கொடுப்பது? இன்சுலினைக் குறைத்த நாளில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை கிராம் என்று தொடங்கலாம். 32 கிலோவுக்கு மணிக்கு 16 கிராம், அதாவது அரை மணிக்கு ஒருமுறை 8 கிராம். திடீரென்று பயிற்சி வைத்துவிட்டார்கள், இன்சுலினை முழுதாகப் போட்டாயிற்று என்றால் இது இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு தேவைப்படும்: மணிக்கு 32 முதல் 48 கிராம். மேலே சொன்ன பாதி யூனிட் கணக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பது இதிலேயே தெரியும்.

கொடுப்பது எளிதில் கரையும் சர்க்கரையாக இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் குளுக்கோஸ் பவுடர் கலந்தால் ஆறு சதவீதக் கரைசல்; 130 மில்லி குடித்தால் 8 கிராம் உள்ளே போகும். பாட்டிலின் வெளியே அந்த அளவுகளில் மார்க்கர் கோடு போட்டுக் கொடுங்கள், மகளே பார்த்துக் குடித்துக்கொள்வாள். சீக்கிரம் ஏறட்டும் என்று கெட்டியாகக் கலக்காதீர்கள். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் வயிற்றிலேயே தங்கும், பிசையும், ஏறுவதும் தாமதமாகும். சாக்லேட்டும் பையில் இருக்கலாம், ஆனால் அவசரத்துக்கு அது உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். வெறும் தண்ணீர் பாட்டில் தனியாக இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் ஐந்தரை மணிக்கு ஒருமுறை விரலில் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்கு நன்றாக இருந்தாலும் சரி. 70க்குக் கீழே போனால் உடனே ஆட்டத்தை நிறுத்தி 10 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் உட்கார்ந்து மறுபரிசோதனை, ஏறவில்லை என்றால் மறுபடி 10 கிராம். 90ஐத் தாண்டினால் திரும்ப மைதானத்தில் இறங்கலாம். 54க்குக் கீழே போன நாளில், அளவு ஏறிய பிறகும் மைதானத்தில் இறங்க வேண்டாம்.

இனி அந்த 290. பயிற்சிக்கும் போட்டிக்கும் உடலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் உண்டு. போட்டியில் பதற்றம், கூட்டத்தின் சத்தம், திடீர் திடீரென்று முழு வேக ஓட்டம். அட்ரினலின் பாய்கிறது, கல்லீரல் மூடிய கையைத் திறந்து, தசைக்குத் தேவையானதற்கு மேலேயே குளுக்கோஸை வெளியே விடுகிறது. இந்த ஏற்றம் சாப்பாட்டால் வந்ததல்ல, இன்சுலின் பற்றாக்குறையும் அல்ல. பதற்றம் அடங்க அடங்கப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கும்.

நீங்கள் போட்ட இரண்டரை யூனிட், கணக்குப் புத்தகத்தின்படி சரிதான். மொத்த அளவு 26 யூனிட் என்றால் ஒரு யூனிட் ஏறக்குறைய 70 மி.கி. இறக்கும், 290ஐ 120க்குக் கொண்டுவர 2.4 யூனிட் வரும். ஆனால் அந்தக் கணக்கு ஓய்வாக இருக்கும் நாளுக்கானது. ஓடி முடித்த தசை இன்சுலினை இரண்டு கை நீட்டி வாங்கிக்கொள்ளும். அட்ரினலின் வற்றும் நேரமும் உங்கள் டோஸ் உச்சத்துக்கு வரும் நேரமும் ஒன்றாகிவிட்டன. அதன் மேல் எட்டு மணிச் சாப்பாட்டுக்கான இன்சுலின், அதன் மேல் முழு கிளார்ஜின். அடுத்த போட்டியில் 290 வந்தால் கையைக் கழுவி மறுபடி பாருங்கள், தண்ணீர் கொடுங்கள், இரவுச் சாப்பாடு வரை பொறுங்கள். எட்டு மணிக்கும் 250க்கு மேலேயே நின்றால் கீட்டோன் பார்த்துவிட்டு, திருத்த டோஸில் பாதியை மட்டும், அதாவது ஒரு யூனிட், சாப்பாட்டு இன்சுலினோடு சேர்த்துப் போடுங்கள்.

ராத்திரி மூன்று மணிக்குத்தான் உங்களுக்கு அதிகப் பயம் இருக்கும், அது நியாயமான பயம். ஓடும்போது காலியான கிளைக்கோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை) இருப்பைத் தசைகள் தூக்கத்தில்தான் நிரப்பிக்கொள்கின்றன. மாலையில் விளையாடிய பிள்ளைகளுக்கு, முடிந்த உடனே ஒருமுறையும், 7 முதல் 11 மணி நேரம் கழித்து மறுபடியும் குளுக்கோஸ் தேவை கூடுகிறது. ஆறரைக்கு முடிந்தால் இரண்டாவது இறக்கம் நள்ளிரவு ஒன்றரைக்கும் விடிகாலை ஐந்தரைக்கும் நடுவே. நீங்கள் பார்த்த 52 அதன் நட்ட நடுவில் இருக்கிறது. தூங்கும்போது அட்ரினலின் எதிர்ப்பும் குறைவு என்பதால் பிள்ளை நடுங்கி எழுந்து உங்களைக் கூப்பிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே பயிற்சி, போட்டி இருந்த நாள் இரவில் மட்டும் கிளார்ஜினை 20 சதவீதம் குறைக்கலாம்: 11க்குப் பதில் 9 யூனிட். மற்ற நாட்களில் 11தான். உங்கள் மருத்துவர் பின்னால் கிளார்ஜினுக்குப் பதில் டெக்லுடெக் என்ற இன்சுலினை எழுதினால் இந்த வழி பலிக்காது. அது 42 மணி நேரத்துக்கு மேல் நிற்பதால் இன்று குறைத்தது இன்றிரவே தெரியாது. அப்போது சாப்பாட்டு டோஸையும் படுக்கும் முன் தின்பதையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு மறுபடி பாருங்கள். 126க்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில் 13 கிராம் மாவுச்சத்து, இன்சுலின் போடாமல். ஒரு பெரிய டம்ளர் பால், 250 மில்லி, ஏறக்குறைய அதைக் கொடுத்துவிடும். மெதுவாக ஏறுவதால் இரவுக்குப் பொருத்தமும்கூட. முதல் சில வாரங்கள் இரண்டு, இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை விரலில் பார்த்துவிடுங்கள். காலையில் 160, 170 என்று எழுந்தால் அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். 250 என்று தொடர்ந்து வந்தால் நாம் அதிகமாகக் குறைத்துவிட்டோம் என்று பொருள், பாலையோ கிளார்ஜின் குறைப்பையோ ஒன்றை விட்டுவிடலாம்.

சாப்பாட்டு இன்சுலினையும் இரவில் குறைக்க வேண்டுமா என்றால், எட்டு மணிக்கு 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் கால் பங்கு குறையுங்கள். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. நான்கேகால் டோஸ், இரவு கிளார்ஜின், இந்த இரண்டை மட்டும் மாற்றி, நான்கு ஐம்பது, ஐந்தரை, ஆறரை, எட்டு, ஒன்பது, இரண்டு மணி அளவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று பயிற்சி நாள் எழுதினால் அவளுடைய உடலின் போக்கு கண்ணுக்குத் தெரியும். மருத்துவருக்கும் அந்தப் பக்கம் போதும்.

ஒரு சின்ன உத்தி உண்டு. பயிற்சி முடியும் நேரத்தில் பத்து விநாடி முழு வேகத்தில் ஓடவைத்தால், போட்டியில் தொல்லை கொடுத்த அதே அட்ரினலின் இங்கே உதவிக்கு வந்து, அடுத்த இரண்டு மணி நேரம் வரை அளவு மேலும் சரியாமல் தாங்கிப்பிடிக்கும். தண்டால், குந்தி எழுதல் போன்ற பலப் பயிற்சியை முதலில் வைத்து ஓட்டத்தைப் பிறகு வைத்தாலும் இறக்கம் குறையும். ஏற்கெனவே 70க்குக் கீழே போனவளை ஓடவிட்டு ஏற்றப் பார்க்காதீர்கள். அதற்குக் குளுக்கோஸ் மட்டுமே.

பின்னால் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் வாங்குவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. ஓடும்போது இரத்தத்தை விடப் பத்து, சில நேரம் இருபது நிமிடம்கூடப் பின்தங்கும். திரையில் 95 என்று கீழ்நோக்கிய அம்புக்குறியோடு இருந்தால் உள்ளே 70 ஆகியிருக்கலாம். அதனால் விளையாட்டு நேரத்தில் எச்சரிக்கை ஒலியை 70க்கு வைக்காமல் 100க்கு வையுங்கள்.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பயப்படுவது, மைதானத்தில் ஏதாவது ஆனால் என்ன செய்வதென்று தெரியாததால். வாசிம் அக்ரமுக்கு 1997இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வேகப்பந்து வீசினார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு டைப் 1 என்று தெரிந்தது 1999இல். 2000இலும் 2004இலும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தங்கம் வென்றார். இதை அவரிடம் சொல்லலாம். ஆனால் அதைவிட ஒரே ஒரு பக்கத் தாள் அதிகம் உதவும். மேலே மகளின் புகைப்படம், உங்கள் கைபேசி எண். கீழே, அவளுக்கென்று வரும் அறிகுறிகள்: பொதுவான பட்டியல் வேண்டாம், “பந்தை விட்டுவிட்டு வெறித்துப் பார்ப்பாள், காரணமில்லாமல் கோபப்படுவாள்” என்பது போல உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பிறகு “சந்தேகம் வந்தால் உட்காரவைத்து 10 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள், ஓய்வறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்” என்ற வரி. மயக்கமானால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்ற வரி. கிளுக்ககான் (கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடவைக்கும் அவசர மருந்து) ஊசி வைத்திருந்தால் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைக்கு 1 மில்லிகிராம் என்று எழுதிவையுங்கள். நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு கல்லீரலின் இருப்பு குறைந்திருப்பதால் அந்த ஊசியின் பலன் குறையலாம். நினைவு திரும்பியதும் சாப்பிடக் கொடுப்பது கட்டாயம்.

குளுக்கோஸும் மீட்டரும் இருக்கும் பை மைதான ஓரத்தில், நிழலில், ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பூட்டிய வகுப்பறையில் இருக்கும் பை இல்லாததற்குச் சமம். இன்சுலின் பேனா 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கிடந்தால் வீரியம் இழக்கும், மீட்டரும் சூட்டில் பிழை காட்டும். மூடிய வாகனத்துக்குள் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகள் பள்ளி அணியைத் தாண்டிப் பெரிய போட்டிகளுக்குப் போகும் காலம் வந்தால், இன்சுலின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ள மருந்து என்பதை மறந்துவிடாதீர்கள். டைப் 1 உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் ஓடாமல், அணியில் தேர்வானதுமே சங்கத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.